ஆர்.வி. கூரை ஏ.சி.க்கான ஏர்ஃப்ளோ இன்சர்ட் கிட்: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளை, அதாவது வேறு வண்டியால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர், ஃபிஃப்த் வீல் போன்றவற்றை வைத்திருப்பவர்களிடம் கோடை முழுக்கக் கேட்கிற புகார் ஒன்றுதான். கூரை ஏ.சி. முழு வேகத்தில் ஓடுகிறது, சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் படுக்கையறை வென்ட்டுக்கு, அதாவது சீலிங்கில் காற்று வரும் வாய்க்கு, நேர்கீழே கையை நீட்டினால் காற்று வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கேட்டவுடன் ஒருவர் கேஸ் குறைந்துவிட்டது என்பார். இன்னொருவர் 13,500 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) யூனிட்டைத் தூக்கிவிட்டு 15,000 போடு என்பார். பெரும்பாலான வண்டிகளில் இரண்டுமே தேவைப்படாது. யூனிட் உண்டாக்குகிற குளிர் சரியாகத்தான் இருக்கிறது. அது வென்ட்டுக்கு வந்து சேருவதற்குள் கூரைக்குள்ளேயே கசிந்துபோகிறது.

அந்தக் கசிவை அடைப்பதற்கென்றே விற்கப்படுவது ஏர்ஃப்ளோ இன்சர்ட் கிட். அச்சில் வார்த்த தெர்மாகோல் துண்டுகளோ வெட்டிய ஃபோம் துண்டுகளோ சில, கூடவே ஒரு சுருள் அலுமினிய ஃபாயில் டேப், இவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும். விலை பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டும். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இத்தனை விலையா என்று தோன்றுவது நியாயம். சரியான வண்டியில், சரியாகப் பொருத்தினால் அந்த விலைக்குத் தகுதியானதுதான். தவறான வண்டியில் போட்டால் ஒரு பயனும் கிடையாது. உங்களுடையது எந்த வகை என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

கூரைக்குள் நடப்பது என்ன

ஆர்.வி. கூரை ஏ.சி. எந்தக் கம்பெனியுடையதானாலும் உட்காருவது கூரையில் வெட்டிய ஒரு சதுரத் துளையின் மேல்தான். அளவு பக்கத்துக்கு 14¼ அங்குலம். டோமெட்டிக், கோல்மன்-மாக், அட்வென்ட், ஃப்யூரியன் எல்லாம் இந்த ஒரே அளவுதான். இந்த ஒரு துளை வழியாகத்தான் அறைக்காற்று மேலே போகவும் வேண்டும், குளிர்ந்த காற்று கீழே வரவும் வேண்டும். அதனால் துளையின் ஒரு பாதி உறிஞ்சுகிற பக்கம், மறுபாதி ஊதுகிற பக்கம். நடுவே ஒரு தடுப்பு. உறிஞ்சும் பக்கத்துக் காற்று ஃபில்டரைத் தாண்டி, காற்றைக் குளிர்விக்கும் காயிலைத் தாண்டி, காற்றைத் தள்ளும் ப்ளோயருக்குள் போய், மறுபாதி வழியாகக் கீழே இறங்கி, உடனே பக்கவாட்டில் திரும்பி, கூரைக்குள் ஓடும் டக்ட் என்ற தட்டையான காற்றுக் குழாய்க்குள் நுழைய வேண்டும். காற்று இப்படி வந்து திரும்பிப் பிரிகிற இந்தப் பெட்டியைத்தான் ப்ளீனம் என்கிறார்கள்.

கோளாறு இந்தப் பெட்டியில்தான். பெரும்பாலான ஆர்.வி.க்கள் இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில், அசெம்பிளி லைனில் வேகவேகமாகக் கட்டப்படுபவை. தடுப்பைச் சுற்றி டேப் ஒட்டுவது இரண்டு நிமிட வேலை. கையைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒட்ட வேண்டிய வேலை. மரத்தூள் படிந்த பலகையில் ஒட்டிய டேப் முதல் கோடையிலேயே உரிந்துவிடும். தடுப்பில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போதும், ஊதும் பக்கத்துக் குளிர்காற்று டக்ட் வரை போகாமல் குறுக்கு வழியில் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடும். ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் உறிஞ்சல், நடுவே ஓட்டை. காற்று வேறு எங்கே போகும்?

இதனால் இரண்டாவது ஒரு தொல்லையும் வரும். ஏற்கெனவே குளிர்ந்த காற்றே மறுபடி காயிலுக்கு வருவதால் காயில் மேலும் மேலும் குளிர்ந்து பனி கட்டிவிடும். பனி கட்டினால் இருக்கிற காற்றும் அடைபடும். இரவு பத்து மணிக்கு ஓரளவு வந்த காற்று விடியற்காலையில் சுத்தமாக நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீட்டு ஏ.சி.யில் ஒரு டன்னுக்குச் சுமார் 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று என்பது பொதுக் கணக்கு. 13,500 பி.டி.யூ. என்றால் ஏறத்தாழ 1.1 டன், அந்தக் கணக்குப்படி 450 சி.எஃப்.எம். வேண்டும். ஆர்.வி. யூனிட்டுகள் தருவதோ சுமார் 300 முதல் 350 வரைதான். ஆரம்பத்திலேயே காற்று குறைவு. அதிலும் கொஞ்சம் கசிந்துபோனால் தாங்காது.

கிட் செய்வது இரண்டு வேலை. தடுப்பின் ஓட்டைகளை அடைத்து உறிஞ்சும் பக்கத்தையும் ஊதும் பக்கத்தையும் முழுதாகப் பிரிக்கிறது. கீழே வேகமாக இறங்கும் காற்று தட்டையான பலகையில் மோதிச் சிதறாமல், வளைவான ஃபோம் துண்டின் மேல் வழுக்கி டக்ட்டுக்குள் திரும்பும்படி செய்கிறது. சத்தம் குறைவதும் இரண்டாவது வேலையால்தான். காற்று மோதிச் சுழலும் இரைச்சல் குறையும். கம்ப்ரசரின் உறுமலும் கூரையின் அதிர்வும் அப்படியேதான் இருக்கும். சத்தத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

இறைச்சியில் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஏ.சி.யை ஃபேன் ஹை, கூல் என்று வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு மூன்று இடத்தில் அளவெடுங்கள். ஒன்று, உட்கார்ந்தால் முகம் இருக்கும் உயரத்தில் அறைக்காற்று. இரண்டு, கிரில்லைத் திறந்து ஃபில்டருக்கு மேலே, காயிலுக்கு ஒரு அங்குலம் கீழே. மூன்று, யூனிட்டுக்கு மிக அருகில் இருக்கும் வென்ட்டின் வாய்.

இரண்டாவது அளவுதான் குட்டை உடைக்கும். காயிலுக்குள் போகும் காற்று அறைக்காற்றின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் ஊதும் பக்கத்திலிருந்து குளிர்காற்று உள்ளுக்குள் கசிகிறது. கிட் உங்களுக்கு உதவும். அறையைவிடச் சூடாக இருந்தால் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே கொதிக்கிற காற்றை யூனிட் உறிஞ்சுகிறது. ப்ளீனத்தின் வெளிச்சுவர்கள் திறந்து கிடக்கின்றன. அதுவும் டேப்பால் தீரும். அறையும் இதுவும் ஒன்றாகவே இருந்தால் தடுப்பு சரியாகத்தான் இருக்கிறது. கிட்டில் காசைப் போடும் முன் வேறு இடங்களைப் பாருங்கள்.

இரண்டாவது அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் உள்ள வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஹூஸ்டன், ஃபுளோரிடா மாதிரி புழுக்கமான ஊரில் ஈரத்தை இறக்கவே பாதிச் சக்தி போய்விடும் என்பதால் 16 பக்கம் நிற்கும்; அரிசோனாவில் 20க்கு மேல் போகும். இந்த எல்லைக்குள் இருந்தால் கேஸும் கம்ப்ரசரும் நன்றாக இருக்கின்றன. வித்தியாசம் 25க்கு மேல் போனால் பலர் "ஆஹா, நல்ல கூலிங்" என்று மகிழ்ந்துபோகிறார்கள். அது நல்ல செய்தி இல்லை. காயில் வழியாகப் போகும் காற்று குறைந்துவிட்டது, அந்தக் கொஞ்சக் காற்று அதிகமாகக் குளிர்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அழுக்கு ஃபில்டர், தூசி அடைத்த காயில், மெதுவாகச் சுற்றும் ப்ளோயர் இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். கிட் அதற்கு மருந்தல்ல. மாறாக 14க்குக் கீழே இருந்து, உள்ளே போகும் காற்றும் அறை வெப்பத்திலேயே இருந்தால் யூனிட்டிலேயே பழுது. இந்த யூனிட்டுகள் கேஸ் நிரப்ப வால்வு இல்லாமல் மூடி முத்திரையிட்டு வருபவை. கேஸ் போயிருந்தால் பழுது பார்க்கிற கூலியே பாதி யூனிட் விலைக்கு வந்துவிடும் என்பதால் பெரும்பாலோர் மாற்றிவிடுகிறார்கள்.

காற்றின் வேகத்தையும் அளக்க வேண்டுமென்றால் கையடக்க அனிமோமீட்டர் 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது. 4 அங்குல வட்ட வென்ட்டின் பரப்பு 0.087 சதுர அடி. நிமிடத்துக்கு 500 அடி வேகம் காட்டினால் சுமார் 43 சி.எஃப்.எம். என்று கணக்கு. வென்ட் இதழ்கள் மறைப்பதால் இந்த எண் துல்லியமாக இருக்காது. இருந்தாலும் அதே வென்ட்டில், அதே இடத்தில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான எண். கிட் விற்பவர்கள் சொல்லும் சதவீதங்களை நம்புவதைவிட இதை நம்புங்கள். ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் லாபம் தெரியும். ஆரம்பத்திலேயே ஒழுங்காக ஒட்டிய வண்டியில் பெரிய மாற்றம் வர வழியே இல்லை.

காசில்லாமல் தீர்கிற விஷயங்கள்

ஃபில்டரைக் கழுவுங்கள். ஓடும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். தூசிக்குப் பயந்து, வீட்டுக்கு வாங்கும் அடர்த்தியான மடிப்பு ஃபில்டரை வெட்டி உள்ளே வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சின்ன ப்ளோயரால் அதை இழுக்க முடியாது.

யூனிட்டுக்கு நேர்கீழே உள்ளே தெரியும் சீலிங் பெட்டியிலேயே குளிர்காற்றை நேராகக் கீழே கொட்டும் கதவு ஒன்று பல மாடல்களில் உண்டு. அது திறந்திருந்தால் டக்ட்டுக்குப் போக வேண்டிய காற்றில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். குழந்தைகள் விளையாட்டாகத் தள்ளியிருப்பார்கள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். படுக்கையறைக்குக் காற்று வேண்டும் என்று ஹாலில் இருக்கும் வென்ட்டுகளை எல்லாம் மூடுவதும் கூடாது. ஒன்றிரண்டைப் பாதி மூடலாம். அதற்கு மேல் போனால் ப்ளீனத்தில் அழுத்தம் ஏறி, ஓட்டை வழியான கசிவு இன்னும் கூடும், காயில் பனி கட்டும்.

பனி கட்டிவிட்டால் கூலை அணைத்து ஃபேனை மட்டும் ஹையில் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் உருகிவிடும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தக் கூடாது. அந்த அலுமினியத் தகடுகள் தாள் கனம்தான், உள்ளே செம்புக் குழாய். புழுக்கமான இரவில் ஃபேனை லோவில் வைத்துத் தூங்குவது பனியை வரவேற்பதற்குச் சமம். காயில் தகடுகளுக்குள் செருகிய ஒரு மெல்லிய சென்சார் வயர் சில மாடல்களில் இருக்கும்; பனி கட்டும் வெப்பம் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்துவது அதுதான். சுத்தம் செய்யும்போது அது நழுவித் தொங்கினால் பாதுகாப்பே போய்விடும். எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகுங்கள்.

இன்னொன்று மின்சாரம். கடும் வெயில் நாளில் முகாமே ஒரே நேரத்தில் ஏ.சி. ஓட்டினால் வோல்டேஜ் சரியும். மீட்டர் 108 வோல்ட்டுக்குக் கீழே காட்டும்போது ஓட்டாதீர்கள். ப்ளோயர் மோட்டார் மெதுவாகச் சுற்றும், கம்ப்ரசர் சூடேறும். காலையில் நன்றாக வரும் காற்று மதியம் மட்டும் தளர்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாடகைக்கு ஆர்.வி. எடுத்துக் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யனுக்கோ சயன் தேசியப் பூங்காவுக்கோ போகிறவர்கள் இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் வண்டியின் சீலிங்கைக் கழற்றினால் முன்பணம் திரும்ப வராது. வண்டியை எடுக்கும் இடத்திலேயே ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிட்டு, எல்லா வென்ட்டிலும் கை வைத்துப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே சொல்லி எழுதி வாங்குங்கள்.

கிட்டைப் பொருத்துவது

ஏணியில் நின்று இரண்டு மணி நேரம் தலைக்கு மேலே கை தூக்கி வேலை செய்யத் தெம்பு இருந்தால் யாரும் செய்யலாம். பிரேக்கரை அணைத்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து வண்டிக்கு மின்சாரம் தரும் ஷோர் பவர் பிளக்கையே உருவிவிடுங்கள், ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கிரில்லைக் கழற்றி, ஃபில்டரை எடுத்து, சீலிங் பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்தால் ப்ளீனம் கண்ணுக்குத் தெரியும். எதையும் தொடும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான நான்கு போல்ட்டுகள் மேலே போகும். அவைதான் முழு யூனிட்டையும் கூரையோடு பிடித்திருப்பவை. அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் இறுக்கம் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. யூனிட்டுக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் ஃபோம் கேஸ்கெட் சுமார் அரை அங்குலத்துக்கு அமுங்கியிருக்க வேண்டும். டோமெட்டிக் கையேடு சொல்லும் இறுக்கம் 40 முதல் 50 இஞ்ச்-பவுண்ட். அடி-பவுண்ட் இல்லை, இஞ்ச்-பவுண்ட். இதைக் குழப்பிக்கொண்டு இறுக்கினால் கூரையும் சீலிங்கும் நசுங்கும். தளர்ந்த கேஸ்கெட் வழியாகக் காற்றும் போகும், மழைத் தண்ணீரும் வரும். பலகையில் கறுத்த ஈரத்தடம் தெரிந்தால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், கிட் பிறகு.

இப்போது டார்ச் அடித்துத் தடுப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் தெரிகிற காட்சி இதுதான்: தடுப்புத் தகட்டின் ஒரு ஓரம் டேப் விட்டுத் தொங்கும். ஒயர் நுழைகிற மூலையில் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கும். டக்ட் ஃபோமுக்கும் மர ஃபிரேமுக்கும் நடுவே பிளவு, அதில் மஞ்சள் கண்ணாடிப்பஞ்சு எட்டிப் பார்க்கும். டக்ட்டின் வாய் ப்ளீனத்தின் வாயோடு பொருந்தாமல் கால்பாகம் மரத்தால் மறைந்திருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கூர்மையான கத்தியால் வெட்டிச் சரிசெய்யலாம். ஒயர் எதுவும் பின்னால் ஓடவில்லை என்று பார்த்த பிறகு மட்டும்.

டேப் ஒட்டும் முன் எல்லாப் பரப்பையும் பிரஷ்ஷால் தட்டி, வேக்யூம் போட்டு, ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். மொத்த வேலையில் பாதி இதுதான். அவசரப்பட்டால் அடுத்த கோடையில் இதே ஏணியில் மறுபடி ஏற வேண்டும். டேப் யு.எல். 181 (டக்ட் வேலைக்கான தர எண்) என்று அச்சிட்ட அலுமினிய ஃபாயில் டேப்பாக இருக்கட்டும். சாம்பல் நிறத் துணி டேப் கூரைச் சூட்டில் பசை உருகி உரிந்துவிடும். ஒட்டிய பிறகு பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் அழுத்தித் தேயுங்கள். டேப்புக்குக் கீழே மரத்தின் சொரசொரப்பு தெரியும் அளவுக்கு.

அதன்பின்தான் ஃபோம். டேப் இல்லாமல் முதலில் வைத்துப் பாருங்கள். கூரையின் தடிமன் வண்டிக்கு வண்டி வேறு என்பதால் கிட் துண்டுகளை உயரத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். இங்கேதான் கிட்டுகளின் பெரிய குறை. வார்த்த தெர்மாகோல் துண்டை வெட்டினால் வெள்ளை மணிகள் எங்கும் பறக்கும். ப்ளோயருக்குள் போனால் வாரக்கணக்கில் வென்ட் வழியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். வண்டிக்கு வெளியே வைத்து, ரம்பம் போல் அறுக்காமல் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். எடுத்தவுடனே முழு அளவுக்கு வெட்டிவிடாமல் கால் அங்குலம் பெரிதாக விட்டு, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டுங்கள். துண்டு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தளர்வாக இருந்தால் டேப்பை நம்பித்தான் நிற்கும், சாலைக் குலுக்கலில் நழுவி டக்ட் வாயையே அடைத்துக்கொள்ளும்.

பொருத்திய பின் ப்ளோயரின் வாயை ஃபோம் மறைக்கவில்லையா, ஒயர்கள் நசுங்கவில்லையா, சென்சார் வயர் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து எல்லா ஓரத்தையும் டேப்பால் மூடுங்கள். சீலிங் பெட்டியை மாட்டும்போது அதன் நடுவே இருக்கும் ஃபோம் பட்டை தடுப்பின் அடிவிளிம்பை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். அழுத்தவில்லை என்றால் கடைசிக் கால் அங்குல இடைவெளியில் கசிவு மிஞ்சும். ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை ஒரு துண்டு போதும். பிளவுகளில் விரியும் ஸ்ப்ரே ஃபோமை மட்டும் அடிக்காதீர்கள். அது எங்கே போய் எவ்வளவு விரியும் என்பது நம் கையில் இல்லை. ஒயர்களை விழுங்கிவிடும், டக்ட்டை அடைக்கும், பின்னால் யூனிட்டைக் கழற்றுகிறவர் எல்லாவற்றையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கிட் தொடாத இடங்கள்

விற்பவர்கள் அதிகம் பேசாத பகுதி டக்ட்டின் மறுமுனை. பல டிரெய்லர்களில் டக்ட் கடைசி வென்ட்டோடு நிற்பதில்லை. வண்டியின் முன்சுவர், பின்சுவர் வரை சும்மா ஓடி அங்கே திறந்து கிடக்கும். ப்ளீனத்தைச் சரிசெய்த பிறகு கூடுதலாக வரும் காற்று அந்தப் பொந்துக்குள் போவதைத் தடுக்க வேண்டும். கடைசி வென்ட்டை இரண்டு ஸ்க்ரூ எடுத்துக் கழற்றி, உள்ளே கை விட்டு, வென்ட்டைத் தாண்டி இரண்டு மூன்று அங்குலத்தில் ஃபாயில் முகப்புள்ள ஃபோம் போர்டுத் துண்டை டக்ட் அளவுக்கு வெட்டிச் செருகி டேப் ஒட்டுங்கள். படுக்கையறைப் புகாரில் இது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

அப்படியே எல்லா வென்ட்டையும் கழற்றிப் பாருங்கள். டக்ட்டின் அடித்தகட்டில் வெட்டிய துளையும் சீலிங் பலகையில் வெட்டிய துளையும் பெரும்பாலும் நேராக இருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகக் காற்று கூரைக்குள் பரவும். டக்ட்டின் உட்பக்கத்திலிருந்து சீலிங் விளிம்பு வரை ஃபாயில் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி ஒரு கழுத்து மாதிரி செய்துவிட வேண்டும். வெட்டிய வட்டத் துண்டு, மரச்சுருள், கண்ணாடிப்பஞ்சு உள்ளேயே கிடப்பதும் சகஜம். போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்றை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ப்ளோயர் சக்கரம் அடுத்த சந்தேகம். அணில் கூண்டு போன்ற அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு தகடும் குழிவாக இருக்கும். அந்தக் குழியில் தூசி நிரம்பினால் சக்கரம் சுற்றும், காற்றைத் தள்ளாது. பல யூனிட்டுகளில் ஒரே மோட்டாரின் ஒரு முனையில் ப்ளோயரும் மறுமுனையில் வெளிக்காற்று ஃபேனும் இருக்கும். மோட்டார் தளர்ந்தால் உள்ளே காற்றும் குறையும், வெளியே சூடும் இறங்காது. மோட்டாரின் கெபாசிட்டர் பலவீனமாவது சாதாரணமாக நடப்பதுதான். பிளக்கை உருவி, காப்புக் கைப்பிடியுள்ள கருவியால் கெபாசிட்டரின் மின்னூட்டத்தை இறக்கி, மல்டிமீட்டரில் மைக்ரோஃபாராட் பார்த்து லேபிளோடு ஒப்பிடுங்கள். அனுமதிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான். அதற்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். கிட்டைவிட மிகவும் மலிவான உதிரிப்பாகம். மின்னூட்டத்தை இறக்கத் தெரியாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கை உருவிய பிறகும் கெபாசிட்டரில் ஷாக் இருக்கும்.

கிட்டா, கையால் செய்வதா

தடுப்பில் கசிவு இருக்கிறது, ப்ளீனம் நல்ல சதுரமாக இருக்கிறது, டக்ட் இரண்டு பக்கம் நேராகப் பிரிகிறது என்றால், ஒரு சுருள் நல்ல ஃபாயில் டேப், ஒரு சின்ன ஃபோம் போர்டுப் பலகை, இவற்றால் கிட் தரும் பலனில் பெரும்பங்கை நீங்களே பெறலாம். ஹோம் டிப்போ, லோவ்ஸ் போன்ற கட்டுமானப் பொருள் கடைகளில் 30 டாலருக்குள் முடியும். ஃபாயில் முகப்புள்ள முக்கால் அங்குலப் பலகையை வாங்குங்கள். ஃபாயில் பக்கம் காற்றோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூலையில் 45 டிகிரி சாய்வாக ஒரு துண்டு வைத்தாலே காற்று மோதுவது குறையும்.

கிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வளைவான அச்சுக்கும், அளவெடுக்கும் தலைவலி இல்லாததற்கும்தான். ப்ளீனத்திலிருந்து டக்ட் ஒரே பக்கமாகப் போகும் வண்டி, நான்கு பக்கமும் பிரியும் வண்டி, உயரமான கூரையுள்ள ஃபிஃப்த் வீல் இவற்றில் கையால் வெட்டிய பலகை சரியாக அமைவது கடினம். அங்கே கிட் நல்ல தேர்வு. சத்தம் முக்கியம் என்பவர்களுக்கும் வளைவான அச்சே மேல். டக்ட் இல்லாமல் சீலிங் பெட்டியிலிருந்தே நேராகக் காற்று வரும் சின்ன டிரெய்லர், பாப்-அப் (மடித்து விரிக்கும் டிரெய்லர்) வைத்திருப்பவர்கள் டக்ட் வண்டிக்கான கிட்டை வாங்கவே வேண்டாம். அவர்களுக்குத் தடுப்பைச் சுற்றி ஃபாயில் டேப் போதும்.

வாரண்டி இருக்கும் புது வண்டி என்றால் நீங்கள் கை வைக்கும் முன் டீலரிடம் போங்கள். "காற்று குறைவு" என்று மட்டும் சொன்னால் "இப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் வரும். மூன்று வெப்ப அளவுகளையும், தொங்கும் டேப்பின் படத்தையும் காட்டி, தடுப்பை ஒட்டித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஆர்டர் போடும்போது வண்டியின் பெயரும் ஆண்டும் போதாது. கிரில்லைத் திறந்தால் தெரியும் ஏ.சி. மாடல் எண், சீலிங் அடிப்பக்கத்திலிருந்து யூனிட்டின் அடித்தட்டு வரை உள்ள உயரம், டக்ட் எத்தனை பக்கம் பிரிகிறது, இந்த மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள். ஒரே மாடல் டிரெய்லரில்கூட உற்பத்தி ஆண்டின் நடுவே ஏ.சி. பிராண்டை மாற்றியிருக்கலாம். குளிர்காற்று இறங்கும் வாய் ஒவ்வொரு பிராண்டிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பின்னாளில் யூனிட்டை வேறு பிராண்டுக்கு மாற்றினால் பழைய இன்சர்ட் அந்த வாயைப் பாதி மறைத்து நிற்கும். யூனிட் மாற்றுகிறவரிடம் உள்ளே இன்சர்ட் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு மாட்டுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.